கைதட்டல் ஓய்ந்த பிறகு போடும் கணக்கு

கேள்வி:

எனக்கு 36 வயது. தனியார் நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். போன மாதம் எங்கள் அலுவலகத்துக்கு மிகப் பிரபலமான தொழிலதிபர் ஒருவர் வந்து கொடை பற்றிப் பேசினார். தன் சொத்தில் பெரும்பகுதியைப் பொதுக் காரியங்களுக்கு எழுதிவைத்தவர். நின்றபடியே ஒரு மணி நேரம் பேசினார், கையில் குறிப்புகூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிக்கும்போது, "உங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு உங்களுடையது இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார். உடனே படிவங்கள் வந்தன. இன்றே கையெழுத்திட்டால் நிறுவனமும் அதே அளவு பணம் போடும் என்று அறிவித்தார்கள். எங்கள் குழுத் தலைவர் வரிசை வரிசையாக வந்து படிவங்களை வாங்கிக்கொண்டார். நான் பத்து சதவீதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது கணவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஒன்றுமே சொல்லவில்லை. வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, மாமியாருக்கு மாதாமாதம் சிகிச்சைச் செலவு இருக்கிறது. அடுத்த சம்பளத்தில் பிடித்தம் தொடங்கிவிடும். குறைத்துக் கேட்டால் குழுத் தலைவர் என்ன நினைப்பார்? கொடுத்த வாக்கை மாற்றுவது பாவம் இல்லையா? பக்கத்து இருக்கைக்காரரோ, "இதெல்லாம் வரி ஏய்ப்பு, பேர் வாங்கும் வேலை, நீங்கள்தான் ஏமாந்தீர்கள்" என்கிறார். அதற்கும் என் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பத்து சதவீதத்தைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த சம்பளப் பட்டியல் தயாராவதற்கு முன்பே செய்யுங்கள். அதற்குப் பதிலாக ஒரு சிறிய தொகையை எழுதிக் கொடுங்கள். எவ்வளவு சிறிய தொகை என்பதை நீங்களும் உங்கள் கணவரும் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், அதற்கான வழியைக் கீழே சொல்கிறேன். அப்படி முடிவு செய்த தொகையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். என் ஆலோசனை இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான காரணங்கள்.

நான் தணிக்கையாளர். அறக்கட்டளைகள், ஆதரவற்றோர் இல்லங்கள், இலவச மருத்துவமனைகள் ஆகியவற்றின் கணக்குப் புத்தகங்களைப் பார்ப்பதே என் தொழில். பொன்னாடை போர்த்தும் விழாக்களுக்கு எங்களை யாரும் அழைப்பதில்லை. விழா முடிந்து, வருவதாகச் சொன்ன பணம் வந்ததா என்று பார்க்கும் நாளில்தான் எங்களுக்கு வேலை. இந்தப் புத்தகங்களில் எனக்கு வருத்தம் தரும் பக்கம், வாக்களிக்கப்பட்ட நன்கொடைகளின் பட்டியல். ஏப்ரலில் நூறு பெயர்கள் இருக்கும். ஆண்டு முடிவில் பாதிப் பெயர்களுக்கு எதிரே கோடு போட்டிருப்பார்கள். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. உணர்ச்சிவசப்பட்ட ஒரு மாலையில், கையில் இருந்ததைவிடப் பெரிய எண்ணை எழுதியவர்கள். முதல் இரண்டு மாதம் பணம் வரும், மூன்றாவது மாதம் வராது. அந்தப் பணத்தை நம்பி ஒரு செவிலியரை வேலைக்கு எடுத்திருப்பார்கள். மூன்றாவது மாதச் சம்பள நாளன்று நிர்வாகி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவிப்பார்.

வாக்கை மாற்றுவது பாவமா என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. மீதிப் பாதியைச் சட்டம் சொல்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்கள் ஒப்பந்தப் பாடத்தில் முதலில் சந்திக்கும் வழக்குகளில் இரண்டை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஹௌராவில் நகர மண்டபம் கட்டுவதற்காகப் பலர் சந்தா எழுதினார்கள். ஒருவர் 100 ரூபாய் தருவதாகக் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்துகளை நம்பி நிர்வாகிகள் ஒப்பந்தக்காரரிடம் கட்டடப் பணியை ஒப்படைத்துவிட்டார்கள். பிறகு அவர் பணம் தர மறுத்தார். 1886-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. இரண்டாவது வழக்கு 1914-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வந்தது. பள்ளிவாசலைப் புதுப்பிக்க 500 ரூபாய் தருவதாகச் சொன்ன ஒருவர் இறந்துவிட, அவருடைய வாரிசுகளிடம் அந்தப் பணத்தைக் கேட்டார்கள். அந்த வாக்கை நம்பி அதுவரை யாரும் எந்த வேலையையும் தொடங்கியிருக்கவில்லை. எனவே வாரிசுகள் கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பானது.

இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே ஓடும் கோட்டைப் பாருங்கள். வாக்கு கொடுத்தது குற்றமா, மறுத்தது குற்றமா என்று நீதிமன்றம் கவலைப்படவில்லை. அந்த வாக்கை நம்பி எதிர்த்தரப்பு ஏதாவது செய்துவிட்டதா என்றுதான் பார்த்தது. ஒழுக்கத்துக்கும் அதே அளவுகோல் போதும் என்பது என் கட்சி. உங்கள் பெயரில் இன்னும் ஒரு காசும் பிடிக்கப்படவில்லை. உங்கள் பத்து சதவீதத்தை நம்பி யாரும் செங்கல் வாங்கவில்லை, ஆள் எடுக்கவில்லை. இன்று குறைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆறு மாதம் மூச்சு முட்டிக் கொடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால்தான் ஒருவர் பாதிக்கப்படுவார், அவரை நீங்கள் பார்க்கக்கூட மாட்டீர்கள். ஆகவே தாமதிக்காதீர்கள்.

இனி அந்தக் கூட்டம் நடந்த விதத்துக்கு வருகிறேன். பேச்சாளரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வேலை மனத்தை அசைப்பது, அதைச் செய்தார். ஏற்பாட்டாளர்கள் செய்ததுதான் சரியில்லை. கண்ணீர் காய்வதற்குள் படிவம் நீட்டினார்கள். அதைவிட மோசம், உங்கள் வேலைத் திறனை மதிப்பிட்டுச் சம்பள உயர்வுக்குப் பரிந்துரைக்கும் குழுத் தலைவரையே வசூலுக்கு அனுப்பினார்கள். அமெரிக்க மத்திய அரசு தன் ஊழியர்களிடம் ஆண்டுதோறும் நன்கொடை திரட்டுகிறது. அதற்கான விதிகளில் என்னென்ன செய்யக் கூடாது என்று தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். மேலதிகாரி தனக்குக் கீழே வேலை செய்பவரிடம் நேரடியாக நன்கொடை கேட்கக் கூடாது. கொடுத்தீர்களா என்று விசாரிக்கவும் கூடாது. எல்லாரும் கட்டாயம் பங்கேற்க வேண்டும் என்று நூறு சதவீத இலக்கு வைக்கக் கூடாது. கொடுக்காதவர்களின் பட்டியல் தயாரிக்கக் கூடாது. அதிகாரம் உள்ளவர் முன்னால் நின்றால் "இல்லை" என்று சொல்ல நாக்கு எழாது என்பதை உணர்ந்தவர்கள் எழுதிய விதிகள் அவை. இந்த விதிகள் உங்கள் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் சங்கடம் உங்கள் பலவீனத்தால் வந்தது என்று இனி நினைக்காதீர்கள்.

"இன்றே கையெழுத்திட்டால் இரட்டிப்பு" என்ற அறிவிப்பையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். நிறுவனம் இணையாகப் பணம் போடுவது நல்ல ஏற்பாடு, அது இருந்தால் கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் இப்படிப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் ஆண்டு முழுவதுமோ சில வாரங்களோ திறந்திருக்கும். ஒரே மாலையில் மூடிவிடுவது அரிது. மனிதவளத் துறையிடம் திட்ட விதிகளை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் போடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டா, நிறுவனத்தின் பங்கு எந்த மாதம் போய்ச் சேரும், நடுவில் ஒரு முகமை இருந்தால் அது எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்பவை அதில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் கேட்கலாம். ஆண்டறிக்கையில் "நாங்கள் கொடுத்தது" என்று நிறுவனம் காட்டும் தொகையில் ஊழியர்கள் சம்பளத்திலிருந்து பிடித்ததும் சேர்ந்திருக்கிறதா? சில இடங்களில் சேர்த்துக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

அந்தத் தொழிலதிபரின் எண்ணும் உங்கள் எண்ணும் ஒரே தராசில் நிற்பவை இல்லை. இதை நான் சொல்வதைவிட, கொடுத்தவர்களில் மிகப் பெரியவர்களில் ஒருவரே சொல்லியிருக்கிறார். வாரன் பஃபெட் 2006-ல் தன் பங்குகளில் பெரும்பகுதியைக் கொடுப்பதாக அறிவித்தார். 2010-ல் பில் கேட்ஸ் தம்பதியோடு சேர்ந்து, செல்வந்தர்கள் தங்கள் சொத்தில் பாதிக்கு மேல் கொடுக்க உறுதியளிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்கூட இல்லை, வெறும் தார்மிக உறுதிமொழி. அப்போது எழுதிய கடிதத்தில் தன் சொத்தில் 99 சதவீதத்தைக் கொடுக்கப்போவதாகச் சொன்ன பஃபெட், கூடவே ஒன்றை ஒப்புக்கொண்டார். இதனால் தானும் தன் குடும்பமும் தேவையானதையோ விரும்புவதையோ எதையும் இழக்கப்போவதில்லை என்றார். மாதச் சம்பளத்திலிருந்து தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் கொடுப்பவர்கள் தங்கள் குடும்பத்துக்குப் பயன்பட்டிருக்கும் பணத்தைக் கொடுக்கிறார்கள், அந்த வகையில் அவர்கள் கொடுப்பது தன்னுடையதைவிட அதிகம் என்பது அவர் சொன்னதன் சாரம். 99 சதவீதம் கொடுப்பவருக்கு ராத்திரித் தூக்கம் கெடவில்லை. பத்து சதவீதம் எழுதிய உங்களுக்குக் கெட்டுவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்காகப் பத்து சதவீதம் என்பது பணக்காரர்களின் விளையாட்டு என்றும் ஒதுக்கிவிட முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் பயின்ற டோபி ஆர்ட், 2009-ல் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வாழ்நாள் முழுவதும் கொடுக்க உறுதியேற்பவர்களின் அமைப்பைத் தொடங்கினார். அவரே பெரிய செல்வந்தர் இல்லை. தன் வாழ்க்கைக்கு இவ்வளவு போதும் என்று ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் வருவதைக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தவர். அவரைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான சம்பளக்காரர்கள் இந்த உறுதியை எடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்த அமைப்பில் பிடித்த ஏற்பாடு வேறு. பத்துக்குத் தயாராக இல்லாதவர்கள், ஒன்றிலிருந்து தொடங்கிக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் முயன்று பார்க்க அங்கே வழி வைத்திருக்கிறார்கள். பத்து சதவீதத்தையே இலக்காக வைத்திருக்கும் ஓர் அமைப்பு சின்ன எண்ணோடு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதில்லை என்றால், நீங்கள் ஏன் உங்களை இப்படி வருத்திக்கொள்ள வேண்டும்?

பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். "வரிக்காகக் கொடுக்கிறார்" என்பது என் காதில் அடிக்கடி விழும் வாக்கியம். சாதாரணக் கூட்டல் கழித்தலிலேயே அது தோற்றுவிடும். நூறு கொடுத்தால் வரியில் முப்பதோ நாற்பதோ மிச்சமாகலாம். மிச்சமாகும் தொகைக்காக நூறை விடுபவர் கணக்குத் தெரியாதவராகத்தான் இருக்க வேண்டும். ஏய்ப்பு நடக்கும் இடங்கள் வேறு. பொருளை மிகை விலைக்கு மதிப்பிட்டு நன்கொடையாகக் காட்டுவார்கள். சொந்தமாக ஓர் அறக்கட்டளை தொடங்கி உறவினர்களுக்கு அதில் சம்பளம் போடுவார்கள். அறக்கட்டளைக்குப் போன பணம் அங்கேயே ஆண்டுக்கணக்கில் முதலீடாகப் படுத்துக்கிடக்கும். அந்தத் தொழிலதிபர் எந்த வகை என்று அறிய விரும்பினால், அவருடைய அறக்கட்டளையின் ஆண்டறிக்கையை எடுத்து, எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். சக் ஃபீனி என்று ஒருவர் இருந்தார். விமான நிலையத் தீர்வையில்லாக் கடைகளில் சம்பாதித்தவர். 1982-ல் அவர் தொடங்கிய அறநிறுவனம், கொடுப்பவர் யார் என்றே வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் இயங்கியது. 1997-ல்தான் விஷயம் வெளிவந்தது. 800 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்து, 2020-ல் அறநிறுவனத்தையே மூடிவிட்டார். வாடகை வீட்டில் வாழ்ந்தார். இப்படிப்பட்டவர்களும் உண்டு, மற்ற வகையினரும் உண்டு.

ஆனால், அவர் எந்த வகையாக இருந்தாலும் உங்கள் முடிவு மாறப்போவதில்லை. அவர் நல்லவர் என்று தெரிந்தால் உங்கள் வீட்டுக்கடன் குறையாது. அவர் வேஷக்காரர் என்று தெரிந்தாலும் உதவி தேவைப்படுபவரின் தேவை குறையாது. பக்கத்து இருக்கைக்காரர் தான் கொடுக்காததற்கு நல்ல காரணம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது அவர் பாடு.

இப்போது எண்ணுக்கு வருவோம். உங்கள் படிவத்தின் நகலை எடுத்து முதலில் ஒரு விஷயத்தைப் பாருங்கள். பத்து சதவீதம் என்பது மொத்தச் சம்பளத்திலா, கைக்கு வரும் சம்பளத்திலா? மொத்தம் நூறு, பிடித்தங்கள் போகக் கைக்கு எழுபத்தைந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் பத்து என்றால் கைக்கு வரும் பணத்தில் அது பதிமூன்று சதவீதத்துக்கு மேல். பலர் இதைக் கவனிப்பதே இல்லை, முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள்.

அடுத்ததாக, கைக்கு வருவதை நூறாக வைத்துக்கொண்டு கணவரோடு சேர்ந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு வீட்டுக்கடன் தவணை 35, குடும்பச் செலவு 30, மாமியாரின் சிகிச்சை 10, காப்பீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் சேர்த்து 10 என்று போகட்டும். மிச்சம் 15. நீங்கள் எழுதிக் கொடுத்த பத்து, சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மிச்சத்தில் அது மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் கணவரின் மௌனத்துக்கு இந்தக் கணக்கு காரணமாக இருக்கலாம். மீதி ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு காய்ச்சலையோ ஒரு பழுதையோ சமாளிக்க முடியாது. கடன் அட்டையைத் தேய்ப்பீர்கள். கடன் அட்டைக்கு வட்டி கட்டிக்கொண்டு நன்கொடை கொடுப்பவர், உண்மையில் வங்கிக்குத்தான் தானம் செய்கிறார். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்ற பழமொழியைக் கஞ்சர்கள் கேடயமாகப் பிடித்துக்கொண்டதால் அதற்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. அவசரத் தேவைக்கு மூன்று நான்கு மாதச் செலவுப் பணம் தனியாக இல்லாத வீட்டுக்கு அது நேர்மையான நிதி ஆலோசனை.

மேலே போட்ட கணக்கு உங்களுடையதைப் போல இருந்தால், நான் இரண்டு சதவீதம் என்று எழுதச் சொல்வேன். ஒன்று என்றாலும் சரிதான். அதோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை சம்பளம் உயரும்போதும், உயர்ந்த தொகையில் பத்தில் ஒரு பங்கு கொடைக்குப் போக வேண்டும். இதுவரை கைக்கு வராத பணம் என்பதால் அதைப் பிரித்துக் கொடுப்பதில் வலி குறைவு. வீட்டுக்கடன் முடியும் ஆண்டில் மறுபடி உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் அன்று எழுதிய பத்தை அப்போது எட்டிவிடலாம், தாண்டவும் செய்யலாம். கணவரிடம் இதைக் கேள்வியாக வையுங்கள், தீர்மானமாகச் சொல்லாதீர்கள். "நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்று நீங்கள் வந்து நின்றபோது அவருக்குச் சொல்ல என்ன இடம் இருந்தது? மறுத்தால் தருமத்துக்குக் குறுக்கே நிற்பவர் ஆகிவிடுவார். அதனால்தான் வாயை மூடிக்கொண்டார் என்பது என் ஊகம்.

யாருக்குக் கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஒரு குழந்தைகள் இல்லத்தின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தேன். இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பதற்காக அலமாரிகளைத் திறக்கச் சொன்னேன். முதல் அலமாரியில் பள்ளிப் பைகள் கூரை வரை அடுக்கியிருந்தன, பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. இரண்டாவது அலமாரியில் ஜியோமெட்ரி பெட்டிகள். அங்கே இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு. பிறந்தநாள், நினைவுநாள், நிறுவன ஆண்டுவிழா என்று வருபவர்கள் கையில் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனவை. அதே நாளில் சம்பளப் பதிவேட்டைப் புரட்டினால் சமையல்கார அம்மாவுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. மின்கட்டணத்துக்கு இறுதி அறிவிப்பு வந்து மேசையில் கிடந்தது. காப்பாளர் என்னிடம் மெதுவாக, "பையை விற்றுச் சம்பளம் கொடுக்கலாமா சார்?" என்று கேட்டார். கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்ததை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் அதை என் அறிக்கையில் எழுத வேண்டியவன் நான்.

அறக்கட்டளைப் புத்தகத்தில் இரண்டு கணக்குகள் இருக்கும், ஒன்று எந்தச் செலவுக்கும் எடுக்கக்கூடிய பொது நிதி, மற்றொன்று கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கு மட்டுமான குறித்த நோக்க நிதி. இரண்டாவது கணக்கில் பணம் வழிந்துகொண்டிருக்கும்போதே முதல் கணக்கு காலியாகக் கிடப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள், கல்வெட்டில் பெயர் வரும். அந்தக் கட்டடத்தைப் பெருக்குபவரின் சம்பளத்துக்குக் கொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது உலகெங்கிலுமிருந்து பணம் குவிந்தது. சில நாட்களிலேயே 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு, சுனாமிப் பணிக்குத் தங்களால் செலவிட முடிந்த அளவு வந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம், மற்ற நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த அனுமதியுங்கள் என்று நன்கொடையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்லும் நேர்மை எல்லாருக்கும் வராது. அப்படிக் கேட்க வேண்டிய நிலை வந்ததே, "இதற்கு மட்டும்" என்று நாம் கட்டிப்போட்டுக் கொடுப்பதால்தான்.

ஆகையால் உங்கள் படிவத்தில் "நோக்கம்" என்ற இடம் இருந்தால் "பொது நிதி" என்று எழுதுங்கள். உங்களுக்கு நம்பிக்கையுள்ள ஒரே ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அதிகபட்சம் இரண்டு போதும். சின்னத் தொகையை ஏழெட்டு இடங்களுக்குப் பிரித்தால் ரசீது அனுப்பும் செலவிலேயே ஒரு பகுதி கரைந்துவிடும். நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் வைத்து அமைப்பை எடைபோடாதீர்கள். அமெரிக்காவில் அறக்கட்டளைகளை மதிப்பிடும் மூன்று பெரிய அமைப்புகளின் தலைவர்கள் 2013-ல் நன்கொடையாளர்களுக்குக் கூட்டாக ஒரு கடிதம் எழுதி இதைத்தான் கேட்டுக்கொண்டார்கள். நிர்வாகச் செலவே இல்லை என்று ஓர் அமைப்பு சொன்னால் எனக்குப் புருவம் உயரும். கணக்கு எழுத ஆள் வைக்கவில்லை என்று அதற்குப் பொருள், அல்லது அந்தச் செலவை வேறு தலைப்பில் ஒளித்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளைக் கேளுங்கள். தயங்காமல் அனுப்புகிறார்களா என்பதே நல்ல சோதனை.

குழுத் தலைவரைப் பற்றிய பயத்துக்கு என் யோசனை, அவரிடம் போகவே போகாதீர்கள் என்பதுதான். இது உங்களுக்கும் சம்பளப் பிரிவுக்கும் இடையிலான விஷயம். பிடித்தத்துக்கு நீங்கள் எழுத்தில் ஒப்புதல் கொடுத்தீர்கள், எழுத்திலேயே மாற்றுங்கள். மின்னஞ்சல் இப்படி இருந்தால் போதும்:

"நன்கொடைத் திட்டத்துக்காக நான் கொடுத்த பத்து சதவீதப் பிடித்தத்துக்கான ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். அதற்குப் பதிலாக அடுத்த மாதம் முதல் இரண்டு சதவீதம் பிடித்தம் செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இது இரகசியமாக வைக்கப்படும் என்று நம்புகிறேன். மாற்றம் பதிவானதை எழுத்தில் உறுதிசெய்யவும்."

காரணம் எழுத வேண்டாம். மாமியாரின் உடல்நிலை, வீட்டுக்கடன் எதுவும் அதில் வர வேண்டியதில்லை. காரணம் எழுதினால் அது சரியான காரணமா என்று ஆராய்பவர் ஒருவர் முளைத்துவிடுவார். குழுத் தலைவராகவே வந்து கேட்டால், "தொகையை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். அதற்கு மேலும் தோண்டினாலோ, உங்கள் பணி மதிப்பீட்டில் அதன் சாயல் தெரிந்தாலோ, மனிதவளத் துறைக்கு எழுதுங்கள், தேதிகளைக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. நூற்றுக்கணக்கான படிவங்களில் உங்களுடையதில் என்ன எண் இருந்தது என்பது அவருக்கு இந்நேரம் மறந்திருக்கும்.

இனி இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போகலாமா என்று நீங்கள் யோசிக்கக்கூடும். தாராளமாகப் போங்கள். நன்றாகப் பேசும் மனிதர் ஒருவர் ஒரு மணி நேரம் மற்றவர்களைப் பற்றிச் சிந்திக்க வைத்தால் அதில் என்ன கெடுதல்? கேள்வி நேரம் கொடுத்தால் கையைத் தூக்கி, "நீங்கள் கொடுத்ததில் எது பலன் தரவில்லை?" என்று கேளுங்கள். இதற்கு நேராகப் பதில் சொல்பவரை நம்பலாம். பில் கேட்ஸின் அறக்கட்டளை அமெரிக்காவில் பெரிய உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பதிலாகச் சிறிய பள்ளிகளை உருவாக்கப் பெரும் தொகை செலவிட்டது. அவற்றில் பல பள்ளிகளில் மாணவர்களின் கல்வித் தரம் குறிப்பிடும்படியாக உயரவில்லை என்று 2009-ல் தன் ஆண்டுக் கடிதத்தில் அவரே எழுதினார். அவ்வளவு பணமும் ஆய்வாளர்களும் கையில் இருப்பவருக்கே சில முயற்சிகள் பலிக்காமல் போகின்றன. ஆகவே உங்கள் இரண்டு சதவீதம் முதல் ஆண்டில் சரியான இடத்துக்குப் போகவில்லை என்று தெரிந்தால் மனமுடைய வேண்டாம். அறிக்கையைப் படித்துவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

படிவத்தை மட்டும் கூட்டத்திலேயே நிரப்பிவிடாமல் மடித்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இப்போதைக்கு மின்னஞ்சலை அனுப்புங்கள், சம்பளப் பட்டியல் வழக்கமாக மாதக் கடைசிக்கு ஒரு வாரம் முன்பே மூடப்பட்டுவிடும். முதல் பிடித்தம் வந்ததும் சம்பளச் சீட்டில் இருக்கும் தொகையும் அமைப்பு அனுப்பும் ரசீதில் இருக்கும் தொகையும் ஒன்றுதானா, ரசீது உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் வந்தால் திருப்பி அனுப்பி மாற்றச் சொல்லுங்கள். வரிக் கணக்குக்கு அது தேவைப்படும்.